வார நாள் இரவு விருந்துக்கு மீனை உடையாமல், சக்கையாகாமல் நீரில் வேகவைப்பது எப்படி?

ஈசூன்வாசி:

அனைவருக்கும் வணக்கம். வருகிற புதன்கிழமை இரவு என் கணவருக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியரும் அவருடைய துணைவியாரும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள். ஆசிரியருக்கு எழுபது வயதைக் கடந்துவிட்டது. அண்மையில் வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் என்பதால் காரமும் பொரித்த உணவும் சில மாதங்களுக்கு ஆகாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். மீன் என்றால் அவருக்கு உயிர். நோயாளிக்குக் கொடுக்கும் பத்தியச் சாப்பாடாகத் தெரியாமல், விருந்தாகவே அதை அவர் முன் வைக்க வேண்டும் என்பது என் ஆசை. அதனால்தான் மணமூட்டிய நீரில் மீனை மெல்ல வேகவைக்கும் ‘போச்சிங்’ முறையைத் தேர்ந்தெடுத்தேன்.

சென்ற வாரம் ஒருமுறை செய்து பார்த்தேன். நன்றாகக் கொதித்துக்கொண்டிருந்த நீரில் சால்மன் துண்டுகளைப் போட்டுப் பத்து நிமிடம் விட்டேன். துண்டுகளின் பக்கவாட்டில் திரிந்த பால் போல வெள்ளையாக ஏதோ கசிந்து படிந்தது. கரண்டியால் தூக்கியபோது ஒரு துண்டு மூன்றாகப் பிளந்தது. வாயில் வைத்தால் சக்கை. எங்கே தவறினேன்? வேலை முடிந்து வீடு சேரவே ஏழு மணி ஆகிவிடும், எட்டு மணிக்குப் பரிமாற வேண்டும். செய்முறைகளில் வெள்ளை ஒயின் சேர்க்கச் சொல்கிறார்கள்; எங்கள் வீட்டில் மது புழங்குவதில்லை. அது இல்லாமல் முடியுமா?

அடுப்படி:

வணக்கம், சகோதரி. உணவு விடுதிச் சமையலறைகளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் தவறு ஒன்றே ஒன்றுதான், நீரைக் கொதிக்கவிட்டது. மீன் தசை ஆட்டிறைச்சி போன்றதன்று. தசை அடுக்குகளை ஒட்டிப் பிடித்திருக்கும் சவ்வு மிக மெல்லியது, குறைந்த சூட்டிலேயே கரைந்துவிடும். அதன் பிறகு கொதிநீரின் தளும்பலே துண்டை உடைத்துவிடும். சூடு கூடக் கூடத் தசை சுருங்கி உள்ளிருக்கும் நீரைப் பிழிந்து தள்ளுகிறது. நீங்கள் பார்த்த வெள்ளைப் படிவு அப்படிப் பிழிந்து வெளியேறிய புரதம். கெடுதல் ஏதுமில்லை, ஆனால் மீன் அளவுக்கு மீறி வெந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

நீர் 75 முதல் 80 டிகிரி செல்சியசில் நிற்க வேண்டும். வெப்பமானி இல்லாவிட்டால் சட்டியின் அடியைப் பாருங்கள்: கடுகளவு குமிழிகள் அடியில் ஒட்டியபடி நிற்கும், எப்போதாவது ஒன்றிரண்டு மேலே வரும், நீரின் முகம் லேசாக அசையும், ஆவி பறக்கும். குமிழிகள் வரிசையாக எழுந்து உடையத் தொடங்கினால் தீயைக் குறைக்க வேண்டும். நம் சிங்கப்பூர் ஹைனானியக் கோழிச்சோற்றுக் கோழி அவ்வளவு மிருதுவாக இருப்பதற்கும் கொதிநிலைக்குக் கீழே வைத்து வேகவிடுவதுதான் காரணம்.

2.5 சென்டிமீட்டர் கனமுள்ள துண்டுக்கு எட்டு முதல் பத்து நிமிடம் போதும். மெல்லிய கம்பியை நடுவில் செருகினால் தடையில்லாமல் இறங்க வேண்டும். ஆசிரியர் உடல் தேறி வருபவர் என்பதால் துண்டின் நடுப்பகுதி 63 டிகிரியை எட்டுமாறு பார்த்துக்கொள்ளுங்கள்; அந்தச் சூட்டிலும் மீன் சாறோடுதான் இருக்கும். வேகவைப்பதற்கு முன் ஒரு லிட்டர் குளிர்ந்த நீரில் 50 கிராம் உப்பைக் கரைத்துத் துண்டுகளைப் பத்து நிமிடம் ஊறவைத்து, ஈரத்தை ஒற்றி எடுங்கள். வெள்ளைக் கசிவு பெரிதும் குறையும்.

நீரை முந்தைய இரவே தயாரித்துவிடலாம். இரண்டு லிட்டர் நீரில் ஒரு வெங்காயம், ஒரு கேரட், ஒரு தண்டு செலரி, ஒரு பிரிஞ்சி இலை, மூன்று தேக்கரண்டி உப்பு ஆகியவற்றை இருபது நிமிடம் வேகவைத்து, மிளகைக் கடைசிப் பத்து நிமிடத்துக்கு மட்டும் போடுங்கள். அதிக நேரம் வெந்தால் மிளகு கசக்கும். ஒயினின் வேலை சிறிது புளிப்புச் சேர்ப்பதுதான், எனவே காய்கள் வெந்த பிறகு இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு ஊற்றினால் போதுமானது. புளிப்பை முதலிலேயே சேர்த்தால் காய்கள் வேகத் தாமதமாகும். வடிகட்டி, ஆறியதும் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள்.

தேக்காவாசகி:

தங்கச்சி, மீன் தேர்வைப் பற்றி நான் சொல்கிறேன். சால்மனை விட்டுவிட்டுக் கொடுவா வாங்குங்கள். வெள்ளைச் சதை, மிதமான சுவை, துண்டு போட்டால் கட்டுக்கோப்பாக நிற்கும். இங்குள்ள கடற்பண்ணைகளிலும் வளர்ப்பதால் நல்ல மீன் எளிதில் கிடைக்கும். காலா மீன் இன்னும் மேன்மையானது, விலையும் அதற்கேற்ப இருக்கும். ஈரச்சந்தையில் பல மீன்கடைகள் திங்கட்கிழமை திறப்பதில்லை, ஆகையால் செவ்வாய் காலையில் வேலைக்குப் போகும் முன் வாங்கிவிடுங்கள். வாலோரத் துண்டு வேண்டாம், நடுத்துண்டுதான் வேண்டும், எல்லாம் ஒரே கனத்தில் இருக்க வேண்டும் என்று கடைக்காரரிடம் நின்று சொல்லுங்கள். ஒரு பக்கம் மெலிந்த துண்டு வந்துவிட்டால் மெல்லிய ஓரத்தை அடியில் மடித்து வேகவிடலாம். முள்ளை விரலால் தடவிப் பார்த்து இடுக்கியால் நீக்கிவிடுங்கள். பெரியவர்கள் சாப்பிடும் மீனில் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

போச்சிங் என்ற பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம். தேங்காய்ப்பால் திரியாமல் சொதி வைக்கத் தெரிந்த கைக்கு இது புதிய வேலை அன்று. பால் ஊற்றிய பிறகு கொதி வராமல் அடுப்பருகிலேயே நின்று கிண்டுவோமே, அதே கவனந்தான் இதற்கும் வேண்டும். நானாக இருந்தால் கேரட், செலரிக்குப் பதிலாக, சந்தையில் செராய் என்று கேட்டு வாங்கும் எலுமிச்சைப்புல்லை நசுக்கி, இரண்டு இஞ்சி வில்லைகளோடு போடுவேன். மீனை எடுத்த பிறகு அந்த நீரில் ஒரு குவளையைப் பாதியாகச் சுண்டவைத்து, கெட்டித் தேங்காய்ப்பால் சேர்த்து, கொதிக்கும் முன் இறக்கினால் அதுவே குழம்பு. ஆனால் சுண்டும்போது உப்பு ஏறும், முதலில் குறைவாகவே போடுங்கள். இடியாப்பத்தோடு வைத்தால் ஆசிரியர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்.

நீலவாய்க்கால்:

இவ்வளவு சிரமம் தேவையா என்று கேட்கத் தோன்றுகிறது. சீனக் குடும்பங்கள் செய்வதுபோல் இஞ்சி வைத்து ஆவியில் வேகவைத்தால் மீனும் உடையாது, நீரும் தயாரிக்க வேண்டியதில்லை.

அடுப்படி:

ஆவி மீனும் அருமையான உணவுதான், மறுக்கவில்லை. ஆனால் ஆவியின் சூடு 100 டிகிரி. விருந்தினர் வாசலில் நின்று இரண்டு நிமிடம் பேசிவிட்டால் அந்த இரண்டு நிமிடத்திலேயே மீன் பதம் தப்பிவிடும். 75 டிகிரி நீரில் அந்தத் தாமதம் பெரிதாகத் தெரியாது. வேலை முடிந்து களைத்து வருபவருக்கு அந்த அவகாசம் பெரிய உதவி. தவிர, முழு மீனை வேகவைப்பதாக இருந்தால் ஆறிய நீரில் வைத்துச் சூட்டை மெல்ல ஏற்ற வேண்டும், இல்லையெனில் வெளியே வெந்து நடுவில் பச்சையாக நிற்கும். துண்டுகளுக்கு அது வேண்டாம். சூடான நீரிலேயே போடலாம்.

ஈசூன்வாசி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று ஞாயிறு என்பதால் கொடுவா வாங்கி அம்மாவுக்காக ஒருமுறை செய்து பார்த்தேன். எலுமிச்சைப்புல்லும் இஞ்சியும் போட்ட நீர் 78 டிகிரியில் இருந்தது. குளிர்ந்த துண்டுகள் நான்கையும் ஒரே நேரத்தில் போட்டதும் 66க்கு இறங்கிவிட்டது. தீயைச் சற்றுக் கூட்டி, மறுபடி ஏறிய பிறகு குறைத்தேன். பேக்கிங் தாளை வட்டமாக வெட்டி நீரின் மேல் போட்டு மூடியதால் துண்டுகளின் மேற்புறமும் காயாமல் வெந்தது. பதினோராம் நிமிடம் தோசைத் திருப்பியால் அடியோடு ஏந்தி எடுத்தபோது ஒன்றுகூட உடையவில்லை. வெள்ளைக் கசிவு ஓரத்தில் ஒரு கோடு மட்டுமே. அம்மா முள்கரண்டியால் மெல்ல அழுத்தினார். சதை பளபளப்பான இதழ்களாகப் பிரிந்தது. எங்கள் திறந்த சமையலறையில் மீன் வாடையும் தங்கவில்லை.

தேங்காய்ப்பால் குழம்பில் மட்டும் உப்பு சற்றுத் தூக்கலாக இருந்தது. அக்கா எச்சரித்தும் மூன்று தேக்கரண்டி போட்டுவிட்டேன். புதன்கிழமை இரண்டு தேக்கரண்டியோடு நிறுத்திக்கொள்கிறேன். மீனையும் இரண்டிரண்டு துண்டுகளாக இரு சட்டிகளில் வேகவைக்கிறேன். இடியாப்பத்துக்கு மாவை முந்தைய இரவே வறுத்து வைத்துவிடுவேன்.