கப்பல் பார்க்கவும் படம் பார்க்கவும்: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு வார உரையாடல்

புதன்கிழமை

நிலா: பெரியப்பா, வணக்கம். பள்ளிக் கண்காட்சிக்காக டைட்டானிக் கப்பலின் மாதிரியைச் செய்யத் தொடங்கியிருக்கிறேன். உண்மையான நீளம் 269 மீட்டர் என்பதால் 300-ஆல் வகுத்து, தெர்மாகோலில் 90 சென்டிமீட்டருக்கு அடிப்பகுதியை வெட்டிவிட்டேன். பெங்களூரு சாலையில் போட்டிருக்கும் பொருட்காட்சியின் நுழைவாயிலில் அதே கப்பலைப் பெரிதாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை அதைப் படம் எடுத்து வந்து அப்படியே வண்ணம் தீட்டிவிடலாமா?

பெரியப்பா: நீ அளவு வகுத்திருக்கும் விதம் சரியானது, கண்ணு. அகலம் 28 மீட்டருக்குச் சற்று அதிகம் என்பதால் உன் மாதிரியில் ஒன்பதரை சென்டிமீட்டருக்குள் வர வேண்டும். பொருட்காட்சி முகப்பைக் கட்டாயம் பார், ஆனால் அதைப் பார்த்து வரையாதே. அது சாரத்தில் தட்டிகளை அடித்து, ஒரு பக்கம் மட்டும் தெரியும்படி கட்டியது. அவர்கள் நான்கு புகைபோக்கிகளிலும் புகை வருவதுபோல் தீட்டியிருப்பார்கள். உண்மையான கப்பலில் கொதிகலன்களின் புகை முதல் மூன்றில்தான் வெளியேறியது. நான்காவது புகைபோக்கி காற்றோட்டத்துக்கும் சமையலறைகளின் வெப்பத்தையும் ஆவியையும் வெளியேற்றவும் பயன்பட்டது.

கதிர்: ஒரு பக்கம் மட்டும் கட்டும் பழக்கம் பொருட்காட்சிக்காரர்களுடையது மட்டுமன்று, நிலா. 1997-இல் வெளிவந்த ஆங்கிலப் படத்துக்காக மெக்சிகோவின் ரோசாரிட்டோ கடற்கரையில் ஏறக்குறைய முழு அளவில் ஒரு கப்பலை எழுப்பினார்கள். அதிலும் வலப்பக்கத்தை மட்டுமே முழுமையாகச் செய்து முடித்தார்கள். ஆனால் சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில் கப்பலின் இடப்பக்கம்தான் கரையை ஒட்டி நின்றது. அதனால் அந்தக் காட்சியை எடுத்தபோது பெயர்ப்பலகைகளையும் சீருடை எழுத்துகளையும் வலமிடமாக மாற்றி எழுதி, பிறகு படச்சுருளைத் திருப்பிச் சரிசெய்தார்கள். அந்தப் படம்தான் இப்போது மீண்டும் நம் ஊர்த் திரையரங்குக்கு வந்திருக்கிறது.

செல்வி: நானும் அதைச் சொல்லத்தான் வந்தேன். சனிக்கிழமை மதியக் காட்சிக்கு எல்லோருக்கும் சேர்த்து நுழைவுச்சீட்டு எடுத்துவிட்டேன், படம் முடிந்ததும் அப்படியே பொருட்காட்சிக்குப் போகலாம். ஆனால் வெளி உணவுப் பொருள்களுக்கு அனுமதி இல்லை என்று சீட்டிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படம் என்பதால், குட்டிப் பையனுக்கு நடுவில் ஒரு முறை ராகிக் கூழ் கொடுத்தாக வேண்டும். அதையும் தடுத்துவிடுவார்களோ என்று கவலையாக இருக்கிறது.

காவேரிப்பட்டணம் அத்தை: நிப்பட்டும் கடலை உருண்டையும் செய்ய நேற்றே மாவு இடித்து வைத்துவிட்டேனே. அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பது உங்களுக்குத் தெரியும். வேளைக்கு ஏதாவது வாயில் போடாவிட்டால் கை நடுங்கத் தொடங்கிவிடும், சாமி.

பர்கூர் சித்தப்பா: போன மாதம் நாங்கள் வேறொரு திரையரங்குக்குப் போனபோது நடந்ததைச் சொல்கிறேன். வாசலில் பையைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்து, எவர்சில்வர் டப்பாவின் மூடியையும் கழற்றிப் பார்த்தார்கள். முறுக்கை எடுத்து வைத்துக்கொண்டதில் எனக்கு வருத்தமில்லை, ஏனென்றால் அது அவர்கள் வைத்திருக்கும் விதி. ஆனால் வீட்டிலிருந்து கொண்டுபோன தண்ணீர் பாட்டிலையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே குடிநீர்க் குழாய் எங்கே என்று கேட்டால், கேன்டீனில் பாட்டில் விற்பதாகப் பதில் வந்தது. குழாயோ, பழுது என்று அட்டை எழுதி மூடப்பட்டிருந்தது. நம் மாவட்டத்துத் தண்ணீரில் ஃபுளோரைடு கலந்திருப்பதால் ஒரு தலைமுறையே பல்லில் கறையோடு வளர்ந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல் வந்த பிறகுதான் நாம் சற்று நிம்மதியாகக் குடிக்கிறோம். அப்படிப்பட்ட ஊரில் குடிக்கிற தண்ணீரைப் பறிப்பதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

வியாழக்கிழமை

பெரியப்பா: இரவு உட்கார்ந்து இந்த விஷயத்தைப் படித்துப் பார்த்தேன். நீளமாக எழுதுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஜம்மு-காஷ்மீர் உயர் நீதிமன்றம் 2018-இல், திரையரங்குகள் வெளி உணவைத் தடுக்கக் கூடாது என்று உத்தரவிட்டிருந்தது. அதை எதிர்த்துத் திரையரங்கு உரிமையாளர்கள் மேல்முறையீடு செய்தார்கள். 2023 ஜனவரி 3 அன்று உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட், நீதிபதி பி.எஸ். நரசிம்மா ஆகியோர் அடங்கிய அமர்வு அந்த உத்தரவை நீக்கியது. திரையரங்கு தனியார் இடம் என்பதால், பொதுநலனுக்கும் பாதுகாப்புக்கும் முரண்படாத நிபந்தனைகளை அதன் உரிமையாளர் விதிக்கலாம் என்பதும், உள்ளே விற்கும் உணவை வாங்கும்படி யாரையும் அவர் கட்டாயப்படுத்தவில்லை என்பதும் தீர்ப்பின் சாரம். ஜிலேபி தின்ற கையை ஒருவர் இருக்கையில் துடைத்தால் அதைச் சுத்தம் செய்யும் செலவு யாருடையது என்று விசாரணையின்போது தலைமை நீதிபதி கேட்டதும் செய்திகளில் வந்தது. ஆகவே, அத்தையின் நிப்பட்டை நிறுத்தும் உரிமை அவர்களுக்கு உண்டு.

அதே தீர்ப்பில் நமக்கு வேண்டிய இரண்டு விஷயங்களும் இருக்கின்றன. சுகாதாரமான குடிநீரைத் திரையரங்கு இலவசமாகத் தர வேண்டும். கைக்குழந்தையோடு வரும் பெற்றோர் குழந்தைக்குத் தேவையான அளவு உணவைக் கொண்டுவரலாம். செல்வி, நீ தயங்காமல் கூழைக் கொண்டு வா. தம்பி, உன்னிடம் பாட்டிலை வாங்கியது அவர்கள் விதியாகவே இருக்கட்டும். உள்ளே குழாயைப் பழுதாக வைத்துக்கொண்டு வெளித் தண்ணீரையும் தடுத்ததுதான் தவறு.

கதிர்: விலையைப் பற்றி ஒன்று சேர்த்துச் சொல்கிறேன், அப்பா. ஒரே மாதிரியான பொட்டலத்துக்குக் கடைத்தெருவில் ஒரு விலையும் திரையரங்குக்கு என்று தனியாக ஒரு விலையும் அச்சிடக் கூடாது என்ற விதி 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அப்படி அச்சிட்ட பாட்டிலைப் பார்த்தால் படம் எடுத்துவைத்து, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். திரையரங்கின் பக்கத்தையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். நுழைவுச்சீட்டுப் பணத்தில் பெரும்பங்கு விநியோகஸ்தருக்குப் போய்விடுவதால், ஒற்றைத் திரை வைத்திருப்பவர்கள் கேன்டீனையும் வண்டி நிறுத்தத்தையும் நம்பித்தான் கொட்டகையை நடத்துகிறார்கள். நம் மாவட்டத்திலேயே எத்தனை கொட்டகைகள் கல்யாண மண்டபங்களாகிவிட்டன என்பது உங்களுக்குத் தெரியும்.

பர்கூர் சித்தப்பா: அதை நான் மறுக்கவில்லை, கதிர். பாப்கார்னை அவர்கள் எந்த விலைக்கு வேண்டுமானாலும் விற்கட்டும், எனக்கு வேண்டாமென்றால் வாங்காமல் இருந்துகொள்வேன். தண்ணீர் வேண்டாம் என்று என்னால் இருக்க முடியாது.

பெரியப்பா: நான் சொல்ல வருவதும் அதுவேதான். இதற்கு விடை நிலா செய்கிற கப்பலின் வரலாற்றிலேயே இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குப் பாய்மரக் கப்பலில் போன ஏழைகளில் பலர், பயணத்துக்கு வேண்டிய உணவைத் தாங்களே மூட்டை கட்டி எடுத்துச் சென்றார்கள். காற்று சரியாக அமையாமல் பயணம் நீண்டுவிட்டால் மூட்டை தீர்ந்து பட்டினி கிடந்தார்கள். பிரிட்டன் இதற்காகவே பயணிகள் சட்டங்களைக் கொண்டுவந்தது. 1842-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வொரு பயணிக்கும் நாளொன்றுக்கு மூன்று குவார்ட், அதாவது ஏறக்குறைய 3.4 லிட்டர் தண்ணீரும், வாரத்துக்கு ஏழு பவுண்டு ரொட்டி, மாவு, அரிசி போன்றவற்றில் ஒன்றும் கப்பல்காரர் தந்தாக வேண்டும். இடையில் இறங்கிப் போக வழியில்லாத ஓரிடத்தில் மக்களை ஏற்றியவன் அவர்களுடைய தண்ணீருக்கும் சோற்றுக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பது அன்றைக்கே சட்டமாகிவிட்டது.

டைட்டானிக் புறப்பட்ட 1912-இல் மூன்றாம் வகுப்புப் பயணச்சீட்டின் விலையிலேயே எல்லா வேளை உணவும் அடங்கியிருந்தது. ஏப்ரல் 14 அன்றைய மூன்றாம் வகுப்பு உணவுப் பட்டியல் ஒன்று இன்றும் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. காலையில் ஓட்ஸ் கஞ்சியும் பாலும், மதியம் அரிசி சூப்பும் வறுத்த மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும், மாலையில் அத்திப்பழத்தோடு வேகவைத்த சோறும் என்று அதில் இருக்கிறது. சொந்த ஊரில் மூன்று வேளையும் இப்படிச் சாப்பிட்டறியாதவர்கள் அந்த நீண்ட மேசைகளில் உட்கார்ந்திருப்பார்கள் என்று எண்ணும்போது எனக்கு மனம் நெகிழ்கிறது.

காவேரிப்பட்டணம் அத்தை: அண்ணா, அத்திப்பழமும் சோறும் என்று படித்ததும், அந்தப் பிள்ளைகள் எல்லோரும் அதே இரவில் மூழ்கிப் போனார்களே என்று இருக்கிறது.

பெரியப்பா: ஆமாம் அம்மா. இரண்டாயிரத்து இருநூறு பேருக்கு மேல் இருந்த கப்பலில் ஆயிரத்து ஐந்நூறு பேர் அளவில் இறந்தார்கள். மூன்றாம் வகுப்பில் இருந்தவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை.

நிலா: உயிர்காப்புப் படகுகளைத் தீக்குச்சியை விடச் சிறியதாக, மூன்று சென்டிமீட்டரில் செய்திருக்கிறேன், பெரியப்பா. அழகுக்காகப் பக்கத்துக்கு இருபது என்று ஒட்டலாம் என்று நினைத்தேன்.

பெரியப்பா: வேண்டாம், கண்ணு. மொத்தமே இருபது படகுகள்தான். பதினான்கு பெரியவை, இரண்டு சிறியவை, மடக்கக்கூடிய நான்கு. எல்லாவற்றிலும் சேர்த்து 1,178 பேர்தான் ஏற முடியும். உன் மாதிரியைப் பார்க்க வருகிறவர்கள் எண்ணிப் பார்த்தால் அந்தக் குறை அவர்கள் கண்ணில் பட வேண்டும். மேல்தளத்தின் நடுப்பகுதியில் இருபக்கமும் வெறுமையாகத்தான் இருந்தது, அதை அப்படியே விடு.

கதிர்: உலகத்தில் இந்தக் கப்பலைத் திரும்பச் செய்கிறவர்களும் எதை வைப்பது, எதை விடுவது என்பதில்தான் வேறுபடுகிறார்கள். அமெரிக்காவில் பிரான்சன், பிஜன் ஃபோர்ஜ் என்ற இரண்டு ஊர்களில் பாதி அளவுக் கப்பல் வடிவில் அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. அங்கே போகிறவர்கள் முதல் வகுப்பின் பெரிய படிக்கட்டில் ஏறிப் பார்க்கிறார்கள். சீனாவின் சிச்சுவான் மாநிலத்தில் தாயிங் என்ற ஊரில், கடலுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் ஓர் ஆற்றில், முழு அளவுக் கப்பலை 2016-இல் கட்டத் தொடங்கினார்கள். பல ஆண்டுகள் கடந்தும் அது முடிவடையவில்லை. ஆஸ்திரேலியச் சுரங்க அதிபர் கிளைவ் பால்மர் கடலில் ஓடக்கூடிய இரண்டாம் டைட்டானிக்கைக் கட்டப்போவதாக 2012-இலும், பிறகு 2018-இலும், மறுபடியும் 2024-இலும் அறிவித்தார். அவருடைய திட்டத்தில் உடல் சற்று அகலமாகவும், தகடுகள் ரிவெட்டுக்குப் பதிலாக வெல்டிங்கால் இணைக்கப்பட்டும், எல்லோருக்கும் போதுமான படகுகளோடும் இருக்கும். மூன்றாம் வகுப்பில் பொது மேசையில் ஸ்டூவும் மசித்த உருளைக்கிழங்கும் பரிமாறப்போவதாகவும் சொன்னார்கள். அந்தப் பகுதி எனக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது.

பெரியப்பா: எனக்கும்தான். படிக்கட்டை மட்டும் செய்துவைத்தால் பணக்காரர்களின் ஒரு மாளிகையைக் காட்டியதாகிவிடும். அதே டைட்டானிக்கின் உடன்பிறப்பான ஒலிம்பிக் கப்பலை 1935-இல் உடைத்தபோது, அதன் மரவேலைப்பாடுகளை இங்கிலாந்தின் ஆல்ன்விக் ஊரில் உள்ள ஒரு விடுதி வாங்கி, தன் உணவுக்கூடச் சுவரில் பதித்தது. அங்கே சாப்பிடுகிறவர் தொட்டுப் பார்ப்பது அசல் பலகை. அதுவும் முதல் வகுப்பினுடையதுதான். மூன்றாம் வகுப்பின் மேசையையும் பெஞ்சையும் யாரும் ஏலத்தில் எடுத்துப் பாதுகாக்கவில்லையே என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

நிலா: அப்படியானால் என் கப்பலின் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டட்டுமா? மூன்றாம் வகுப்பு உணவுக்கூடம் எங்கே இருந்தது?

கதிர்: எஃப் என்று பெயரிட்ட தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில். தண்ணீர் மட்டத்தை ஒட்டிய இடம் அது. தெர்மாகோலை அந்த இடத்தில் மட்டும் கத்தியால் சன்னல்போல் வெட்டி எடு, பின்புறம் வெள்ளை அட்டை ஒட்டு. ஐஸ்கிரீம் குச்சியைப் பிளந்தால் நீண்ட மேசைகள் கிடைக்கும். ஃபெவிகாலைப் பயன்படுத்து, வேறு சில பசைகள் தெர்மாகோலைக் கரைத்துவிடும்.

வெள்ளிக்கிழமை

பெரியப்பா: இன்று காலை திரையரங்குக்கு நேரில் போய் மேலாளரைப் பார்த்தேன். மரியாதையாகப் பேசினார். கைக்குழந்தையின் உணவுக்குத் தடையில்லை என்றார். மருத்துவரின் சீட்டைக் காட்டினால் சர்க்கரை நோயாளிக்கான சிறு டப்பாவையும் அனுமதிப்பதாகச் சொன்னார். குடிநீர் எங்கே என்று கேட்டதும் என்னை மாடிப்படிக்குக் கீழே அழைத்துப் போய்ச் சுத்திகரிப்பு இயந்திரத்தைக் காட்டினார். நான் ஒரு தம்ளர் குடித்தும் பார்த்தேன், நன்றாக இருந்தது. இயந்திரம் இருப்பது வாசலிலிருந்து தெரியவில்லை என்றும், ஓர் அறிவிப்புப் பலகை வைத்தால் நல்லது என்றும் சொல்லிவிட்டு வந்தேன். வைப்பதாக ஒத்துக்கொண்டார்.

செல்வி: மிகவும் நன்றி, பெரியப்பா. கூழைச் சிறிய பிளாஸ்கில் எடுத்துக்கொள்கிறேன்.

காவேரிப்பட்டணம் அத்தை: அப்படியானால் அவருடைய டப்பாவில் வறுத்த கடலையும் இரண்டு நிப்பட்டும் மட்டும் வைக்கிறேன். மீதி எல்லாவற்றையும் கூடையில் கட்டிக் கதிரின் காரிலேயே வைத்துவிடலாம். இடைவேளையில் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பாப்கார்ன் நான் வாங்கித் தருகிறேன்.

பர்கூர் சித்தப்பா: நானும் இந்த முறை பாட்டிலைக் காரிலேயே வைத்துவிடுகிறேன், அண்ணா. போன மாதம் போன திரையரங்குக்கும் தண்ணீரைப் பற்றி ஒரு கடிதம் எழுதிவிட்டேன். தீர்ப்பின் தேதியையும் குறிப்பிட்டிருக்கிறேன், அனுப்பும் முன் நீங்கள் ஒரு முறை பார்த்துக் கொடுங்கள்.

பெரியப்பா: அனுப்பு, தம்பி, இன்று இரவே பார்த்துவிடுகிறேன். நாளை பகல் 1 மணிக்கு எல்லோரும் ரவுண்டானா அருகே வந்துவிடுங்கள். நிலா, பொருட்காட்சி வாயிலில் எத்தனை படகு தீட்டியிருக்கிறார்கள் என்று நீயே எண்ணிப் பார்.

நிலா: சரி, பெரியப்பா. மூன்று புகைபோக்கிகளுக்கு மட்டும் பஞ்சு ஒட்டிவிட்டேன். மேசைகள் காய்ந்துகொண்டிருக்கின்றன.