தலையில் அடிபட்ட பையனை மறுபடி இறக்கலாமா, யார் முடிவு செய்ய வேண்டும்?

வெண்ணாற்றங்கரை:
சம்பா அறுப்பு முடிந்ததும் எங்கள் மன்னார்குடி பக்கம் ஊருக்கு ஊர் எழுவர் கால்பந்து களைகட்டிவிடும். போன வாரம் அரையிறுதியில் கார்னருக்கு எகிறிய என் அக்கா மகன், எதிர் டீம் பையனோடு தலை மோதி, கட்டாந்தரையில் பின்மண்டை படும்படி விழுந்தான். கொஞ்ச நேரம் அசைவே இல்லை. தண்ணீர் தெளித்து உட்கார வைத்து "ஆடுவியாடா?" என்று மேனேஜர் கேட்டார், "ஆடுறேண்ணே" என்றான், உடனே இறக்கிவிட்டார்கள். இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறியதே தெரியாமல் எங்கள் கோலை நோக்கியே பந்தை ஓட்டிக்கொண்டு போனான். ராத்திரி வாந்தி எடுத்தான், தஞ்சாவூரில் ஸ்கேன் பார்த்ததில் ஒன்றும் இல்லை என்றார்கள். இப்போது டீம்காரர்கள், ஸ்கேன் நார்மல்தானே, ஞாயிற்றுக்கிழமை ஃபைனலுக்கு அனுப்புங்கள் என்று வீட்டுக்கே வருகிறார்கள். அவனும் "ஆடணும் மாமா" என்கிறான். அக்கா விடமாட்டேன் என்கிறாள். யார் பேச்சைக் கேட்பது?

பழைய ஸ்டாப்பர்:
ஆடுகிறவனுக்குத்தான் தன் உடம்பு தெரியும். மயங்கிக் கிடந்தால் சரி, தூக்கிவிட வேண்டியதுதான். தெளிந்து நிற்கிற பையனை ரெஃப்ரி வெளியே அனுப்பலாம் என்றால், நல்ல ஆட்டக்காரன் தலையில் வேண்டுமென்றே இடிப்பார்கள்.

கும்பகோணம் பிசியோ:
அண்ணே, கால் சுளுக்குக்கு நீங்கள் சொல்வது சரி. தலையில் அடி என்றால், முடிவெடுக்க வேண்டிய மூளைக்கே அடி. 2014 உலகக் கோப்பை ஃபைனலில் ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கிராமர் எதிராளியின் தோளில் மோதிவிட்டு கிட்டத்தட்ட கால் மணி நேரம் ஆடினார். இது ஃபைனல்தானா என்று ரெஃப்ரியிடமே கேட்டார், அப்புறம்தான் வெளியே கூட்டிப்போனார்கள். அதே உலகக் கோப்பையில் உருகுவேயின் அல்வாரோ பெரெய்ரா நினைவிழந்து விழுந்து எழுந்தவர், மாற்றச் சொன்ன டீம் டாக்டரையே மறுத்துவிட்டு ஆடினார். கன்கஷன், அதாவது அடியில் மூளை குலுங்கி அதன் வேலை தடுமாறுவது, வந்தவர்களில் பெரும்பாலோர் மயங்குவதே இல்லை என்பதையும் கவனியுங்கள். சில சமயம் அறிகுறி தாமதமாகத்தான் வரும். 2020-ல் கான்பெராவில் ஜடேஜா ஹெல்மெட்டில் அடி வாங்கியும் அந்த ஓவரை ஆடி முடித்தார், அவருக்குப் பதில் சஹல் வந்து பந்து வீசியது அப்புறம்தான்.

வெண்ணாற்றங்கரை, ஸ்கேன் பார்ப்பது ரத்தக்கசிவும் எலும்பு முறிவும் இருக்கிறதா என்று. கன்கஷன் அதில் பெரும்பாலும் தெரியாது. அது ஆறுவதற்குள் இன்னொரு அடி விழுந்தால் இளவயதுக்காரர்களுக்கு மூளை வீங்கி உயிரே போகலாம்; அரிது, ஆனால் நடந்திருக்கிறது. ஓய்வு, லேசான நடை, ஓட்டம், பந்தோடு பயிற்சி என்று ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள் விட்டு, டாக்டர் சரி என்ற பிறகுதான் மேட்ச். இந்த ஞாயிறு பேச்சுக்கே இடமில்லை, உங்கள் அக்கா சொல்வதுதான் சரி.

திருவாரூர் விசில்:
இந்தப் பக்கம் பல வருடமாக விசில் ஊதுகிறேன். பலத்த காயம் என்றால் ஆட்டத்தை நிறுத்தி ஆளை வெளியே அனுப்பும் அதிகாரம் 5-வது விதியிலேயே ரெஃப்ரிக்கு இருக்கிறது, யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பெரிய போட்டிகளில் டீம் டாக்டர் சொல்ல வேண்டும். ஆனால் அவரும் அந்த டீமிடம் சம்பளம் வாங்குகிறவர், என்னைக் கேட்டால் இரண்டு பக்கமும் சேராத டாக்டர்தான் வேண்டும். நம் மைதானத்தில் எந்த டாக்டரும் இல்லை, சுழற்கோப்பையும் பரிசுப் பணமும் மேஜையில் இருக்கும்போது மேனேஜர் கையில் இதை விடவே கூடாது. அதனால் மேட்சுக்கு முன்பே இரண்டு மேனேஜரையும் கூப்பிட்டுச் சொல்லிவிடுவேன்: தலையில் அடிபட்டு ஆள் தடுமாறினாலோ, இது எந்த ஊர் மைதானம், கடைசி கோல் யார் போட்டது என்று கேட்டுப் பதில் குழறினாலோ, அன்றைக்கு அவனுக்கு ஆட்டம் முடிந்தது. பதிலுக்கு இறங்குகிறவன் மாற்று ஆட்டக்காரர் கணக்கில் வரமாட்டான். உலக விதிகளிலேயே 2021-ல் இதைச் சோதனையாகக் கொண்டுவந்து, 2024-25-ல் வேண்டுமென்கிற போட்டிகள் வைத்துக்கொள்ளலாம் என்று சேர்த்துவிட்டார்கள். கமிட்டி ஒப்புக்கொள்ளாவிட்டால் நான் விசிலைத் தொடுவதில்லை. ஸ்டாப்பர் அண்ணே, வேண்டுமென்றே இடிக்கிறவனுக்குச் சிவப்பு அட்டை இருக்கிறது.

பழைய ஸ்டாப்பர்:
ஆள் கணக்கில் வராது என்றால் டீமுக்கு நஷ்டமில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். கமிட்டி நோட்டீஸிலேயே அச்சடிக்கச் சொல்லுங்கள், மைதானத்தில் வைத்துச் சொன்னால் சண்டைதான் வரும்.

வெண்ணாற்றங்கரை:
ஃபைனலுக்கு அனுப்பவில்லை, டீமில் சொல்லிவிட்டேன். இப்போது தனியாகக் கேட்டால்தான் சொல்கிறான், வெயிலில் நின்றால் இன்னும் தலை வலிக்கிறதாம், டீமில் யாரிடமும் சொல்லவில்லையாம்.

கும்பகோணம் பிசியோ:
நாளைக்கே மறுபடி டாக்டரிடம் காட்டுங்கள். வலி கூடினாலோ, திரும்ப வாந்தி வந்தாலோ, எழுப்பினாலும் தூங்கி விழுந்தாலோ காலை வரை காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.