அந்தப் பாதி வாக்கியம்: நேர்காணல் எடுக்கப் பழகிய அனுபவங்கள்

ஆய்வு மாணவி

என் முதல் நேர்காணல் 17 நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஒரு மணி நேரம் ஆகும் என்று சொல்லித்தான் அந்தச் செவிலியரிடம் நேரம் வாங்கியிருந்தேன். இரவுப் பணியில் இருக்கும் செவிலியர்கள் வேலைச் சுமையை எப்படித் தாங்குகிறார்கள் என்பது என் ஆய்வு. கையில் 22 கேள்விகள். முதல் கேள்வியே, "வேலை அழுத்தத்தை எப்படிச் சமாளிக்கிறீங்க?" என்பது. "பழகிப்போச்சுங்க" என்றார். அடுத்ததைக் கேட்டேன். "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லைங்க" என்றார். இப்படியே 22 கேள்விகளும் தீர்ந்துபோயின.

பேச்சை முழுதும் எழுதி எடுத்துக்கொண்டு என் ஆய்வு நெறியாளரிடம் போனேன். அவர் அதைப் படிக்கவில்லை. இரண்டு பேனாக்களைக் கொடுத்து, "நீ பேசியதற்குச் சிவப்பு, அவங்க பேசியதற்கு நீலம், கோடு போட்டுக்கிட்டு வாம்மா" என்றார். போட்டேன். பக்கமெல்லாம் சிவப்பு.

அதைவிட வலித்தது 9-ஆம் நிமிடம். "அன்னைக்கு ஒரு நாள் மட்டும்தான் நான்..." என்று அவர் ஆரம்பித்து நிறுத்துகிறார். ஒலிப்பதிவில் மூன்று விநாடி அமைதி. உடனே என் குரல்: "சரிங்க, அடுத்த கேள்வி." அந்த மூன்று விநாடி அப்போது எனக்கு மூன்று நிமிடமாகத் தெரிந்தது. அவர் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்தார். நான் கதவைச் சாத்திவிட்டேன்.

ஆய்வுக் கேள்வி வேறு, நேர்காணலில் கேட்கும் கேள்வி வேறு என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. ஆய்வுக் கேள்விக்கு விடை தேட வேண்டியவள் நான். அதை அப்படியே தூக்கி எதிரில் இருப்பவர் மடியில் போட்டால் அவர் என்ன செய்வார்? 22 கேள்விகளை 6 ஆக்கினேன். முதலாவது: "நேத்து ராத்திரி வேலைக்குள்ள நுழைஞ்சதில இருந்து கிளம்புற வரைக்கும் என்னென்ன நடந்ததுன்னு சொல்லுங்க." இதற்கு யாரும் "பழகிப்போச்சு" என்று பதில் சொல்ல முடியாது. அடுத்து, மறக்க முடியாத ஓர் இரவைப் பற்றிக் கேட்பேன்.

இது நான் கண்டுபிடித்ததல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க விமானப் படையில் நடந்த ஆய்வுகளிலிருந்து உருவான வழி. ஜான் ஃபிளனகன் என்ற உளவியலாளர் 1954-இல் அதை ஒரு முறையாக எழுதிவைத்தார். பொதுவான அபிப்பிராயத்தைக் கேட்காமல், உண்மையில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லச் சொல்வதுதான் அதன் உயிர்.

'ஏன்' என்ற சொல்லையும் குறைத்தேன். "ஏன் மேலதிகாரிகிட்ட சொல்லலை?" என்றால் விசாரணை போல இருக்கிறது. "அப்புறம் என்ன ஆச்சு?" என்றால் அந்தக் காரணம் தானே வந்துவிடுகிறது.

தொழிலாளர் வாழ்க்கையை ஆய்பவர்

தங்கச்சி, அந்த மூன்று விநாடியைப் படித்ததும் எனக்கு என் ரெக்கார்டர் நினைவுக்கு வந்தது.

வேலை இழந்த, வயதில் மூத்த தொழிலாளர்களைச் சந்தித்துக்கொண்டிருந்தேன். ஒருவர் ஒரு மணி நேரம் பொறுமையாகப் பேசினார். நன்றி சொல்லி, ரெக்கார்டரை அணைத்து, பையை மாட்டிக்கொண்டு எழுந்தேன். வாசல்வரை வந்தவர், வேலை போனதை வீட்டில் எத்தனை மாதம் மறைத்தார், தினமும் காலையில் கிளம்பி எங்கே போய் உட்கார்ந்திருந்தார் என்று சொல்ல ஆரம்பித்தார். என் ஆய்வுக்கு வேண்டிய விஷயமே அதுதான்.

முடித்ததும் கேட்டேன்: "ஐயா, இப்ப சொன்னதை நான் எழுதிக்கலாமா?" கொஞ்சம் யோசித்தார். "வேண்டாம் தம்பி" என்றார். எழுதவில்லை. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து இருக்கிறதே என்று சிலர் சொன்னார்கள். ரெக்கார்டர் ஓடும்போது பேசுவதற்குத்தான் அவர் சம்மதித்தார். வாசலில் பேசியது அவருடையது.

இப்போதெல்லாம் நேர்காணல் முடிந்த கையோடு இன்னொருவருக்கு நேரம் கொடுப்பதில்லை. அணைப்பதற்கு முன்னால், "நான் கேட்காம விட்டது ஏதாவது இருக்குதா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பேன். பல சமயம் அந்தக் கேள்விக்குப் பிறகுதான் பேச்சே சூடு பிடிக்கிறது.

பராமரிப்பாளர்களைச் சந்தித்தவர்

என்னுடையது சின்ன அனுபவம். படுக்கையில் இருக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண்ணைச் சந்திக்கப் போனேன். கணவரும் வந்து உட்கார்ந்தார். நான் கேட்கும் ஒவ்வொன்றுக்கும் அவரே பதில் சொன்னார். தப்பான எண்ணம் இல்லை, உதவுகிறோம் என்றுதான் நினைத்தார். கேள்விகளைப் பத்து முறை திருத்தியிருந்த நான், எங்கே உட்கார்ந்து பேசுவது, யார் கூட இருப்பார்கள் என்பதை யோசித்திருக்கவே இல்லை. "உங்க அனுபவமும் எனக்கு வேணும், உங்களுக்குத் தனியா ஒரு நேரம் ஒதுக்கலாமா?" என்று கேட்டேன். சந்தோஷமாக எழுந்து போனார். அதற்குப் பிறகுதான் அவர் மனைவி பேசினார்.

தரவுப் பகுப்பாய்வு சொல்லித்தருபவர்

எத்தனை பேரைச் சந்தித்தால் போதும் என்பதுதான் மாணவர்கள் என்னிடம் முதலில் கேட்பது. எல்லோரும் 12 என்பார்கள். 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், கானாவிலும் நைஜீரியாவிலும் 60 பெண்களிடம் எடுத்த நேர்காணல்களை வரிசையாகப் பகுத்துப் பார்த்தபோது, பெரும்பாலான கருத்துகள் முதல் 12-க்குள்ளேயே வந்துவிட்டன. ஆனால் அங்கே எல்லோரிடமும் ஏறக்குறைய ஒரே கேள்விகள் கேட்கப்பட்டன. அவர்கள் வாழ்நிலையும் ஒன்றோடொன்று நெருக்கமானது. பலதரப்பட்ட மனிதர்களைச் சந்திக்கும் ஆய்வுக்கு அந்த எண்ணைக் கடன் வாங்குவது சரியல்ல.

ஆள்களை எண்ணும் முன் உங்கள் நேரத்தை எண்ணுங்கள். ஒரு மணி நேரப் பேச்சை வரிவரியாக எழுத நான்கு முதல் ஆறு மணி நேரம் சாதாரணமாகப் போய்விடும். எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கடைசியில் எழுதலாம் என்று சேர்த்துவைக்காதீர்கள். முதல் இரண்டையாவது உடனே எழுதிப் படித்தால்தான், மூன்றாவதில் உங்கள் கேள்வி மாறும்.

அம்மா, ஒன்று கேட்கிறேன். அந்த முதல் செவிலியரிடம் மறுபடி போனீர்களா?

ஆய்வு மாணவி

போனேன் ஐயா, நான்கு மாதம் கழித்து. இந்த முறை ஒன்றரை மணி நேரம் பேசினார். இடையில் நிறுத்தும்போதெல்லாம் நான் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் பழைய எழுத்துப்படியை எடுத்து, "அன்னைக்கு ஒரு நாள் மட்டும்தான்னு சொன்னீங்களே" என்று அந்த வரியைக் காட்டினேன். வாங்கி, இரண்டு முறை படித்தார்.

"எந்த நாளைச் சொல்ல வந்தேன்னு இப்ப ஞாபகம் வரலையேம்மா" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார்.