இழை: ‘ஜயன்ட் பிரீட் பப்பி ஃபுட்’ – தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

சாட்ஸ்வொர்த், மொழிபெயர்ப்பாளர் – திங்கள் காலை

அனைவருக்கும் வணக்கம். டர்பனில் உள்ள கால்நடை மருத்துவமனை ஒன்று பூர்புல் என்ற தென்னாப்பிரிக்கப் பெரிய காவல் நாயின் குட்டியை வாங்குவோருக்கு இரண்டு பக்கத் துண்டறிக்கை போடுகிறது. ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் தமிழ். வெள்ளி மதியம் அச்சகத்துக்குப் போக வேண்டும். தலைப்பில் உள்ள, மிகப் பெரிய இன நாய்களின் குட்டிகளுக்கான உணவை இப்போதைக்கு ‘பேரின நாய்க்குட்டி ஊட்ட உணவு’ என்று எழுதியிருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. ‘டிரை மேட்டர்’ (உணவில் நீர் போக மீதி), ‘பாடி கண்டிஷன் ஸ்கோர்’ (உடல் மெலிவா கொழுப்பா என்று காட்டும் மதிப்பெண்) இரண்டுக்கும் சொல் வேண்டும். படிக்கப்போகிறவர்களில் சிலர் தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தவர்கள். மற்றவர்கள் இங்கேயே பிறந்து, வார இறுதி வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படித்தவர்கள். இரு சாராருக்கும் புரிய வேண்டும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், தமிழாசிரியை – திங்கள் மாலை

தம்பி, ‘பேரினம்’ வேண்டாம். உயிரியல் பாடநூலில் அது ‘ஜீனஸ்’ என்பதற்கு நிலைத்துவிட்ட சொல். நாயும் ஓநாயும் ஒரே பேரினம். அப்படிப் பார்த்தால் கைப்பைக்குள் அடங்கும் சிவாவாவும் பேரின நாய்தான். யாழ்ப்பாணத்தாருக்கோ அந்தச் சொல்லோடு ‘வாதம்’ ஒட்டிக்கொண்டே வரும்; பேரினவாதம் என்றால் பெரும்பான்மை இனத்தின் ஆதிக்கம்.

‘குட்டி’யையும் யோசியுங்கள். தம் நூலின் மரபியல் என்ற இயலில் தொல்காப்பியர் ‘நாயே பன்றி புலிமுயல் நான்கும் ஆயுங் காலைக் குருளை என்ப’ என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். குட்டி, பறழ் என்றும் சொல்லலாம் என்கிறார், ‘பிள்ளை’ மட்டும் நாய்க்கு ஆகாது. முதலுரிமை குருளைக்கு. ‘பெருங்குருளை உணவு’ என் முன்மொழிவு.

வெருலம், ஓய்வுபெற்ற நூலகர் – திங்கள் இரவு

அம்மா, ‘பெருங்குருளை’ என்றால் பெரிய குருளை. எட்டு வாரத்தில் அது பெரிதே இல்லை, பெரிதாகப் போகிறது. பெருமை இனத்துக்கு, குருளைக்கு அன்று.

‘குருளை’ பற்றி ஒன்று. குருத்து, குரும்பை, குருளை மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். தென்னையின் இளம் இலை, இளம் காய், விலங்கின் இளமை. ‘குரு’ என்ற அடிக்கே இளமைப் பொருள் உண்டு என்று நினைக்கிறேன். அதே குருத்துதான் ‘குருத்தெலும்பு’ என்பதிலும் இருக்கிறது. நாயைச் சொல்ல ‘ஞமலி’ என்ற பழஞ்சொல்லும் கிடக்கிறது. ‘ஞமலிக் குருளை’ செவிக்கு எவ்வளவு இனிமை!

டர்பன், கால்நடை மருத்துவர் – செவ்வாய் காலை

ஐயா, குருத்தெலும்பைத் தொட்டீர்கள், நன்றி. இந்தத் துண்டறிக்கையே அதைக் காப்பாற்றத்தான். குட்டியின் எலும்பு நுனியில் வளர்ச்சித் தட்டு என்ற குருத்தெலும்பு இருக்கும். அது ஒழுங்காக எலும்பாக மாறினால்தான் கால் நேராக நிற்கும். பெரிய நாய்களில் இந்த வளர்ச்சி 18 முதல் 24 மாதம் வரை நீளும். கால்சியம் மிகுந்தால் அந்த மாற்றம் தடைபட்டு, குருத்து குருத்தாகவே தங்கி, மூட்டில் பிளந்து, குட்டி நொண்டும். ஆறு மாதத்துக்குக் கீழுள்ள குட்டியின் குடலுக்கு, மிகுதியாக வரும் கால்சியத்தை வேண்டாம் என்று தள்ளத் தெரியாது.

அதனால் என் முதல் வேண்டுகோள்: ‘ஊட்ட’ என்பதை எடுத்துவிடுங்கள். இது கூடுதல் சத்துள்ள உணவு அன்று. கால்சியத்துக்கும் கலோரிக்கும் வரம்பு கட்டிய உணவு. ‘ஊட்டம்’ என்று படித்தவர் எலும்புத் தூளும் கால்சிய மாத்திரையும் மேலே போடுவார். சரியாகச் சமன்செய்த உணவின் மேல் அதைப் போடுவதுதான் நான் காணும் பிழைகளில் மிகக் கொடியது.

கலோரியும் அப்படியே. 1992-இல் வெளியான லாப்ரடார் ஆய்வில் 48 குட்டிகளை, ஒரே ஈற்றில் பிறந்தவை இணையாக வரும்படி பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 விழுக்காடு குறைவாக ஊட்டினார்கள். குறைவாக உண்டவற்றின் இடுப்பு மூட்டு தெளிவாக நன்றாக இருந்தது. புரதத்தின் மேல் பழி போடாதீர்கள். கிரேட் டேன் குட்டிகளில் நெதர்லாந்தில் நடந்த ஆய்வுகள் அதை எப்போதோ விடுவித்துவிட்டன. வளர்ச்சியை அடக்குகிறேன் என்று முதிர்நாய் உணவுக்கு மாற்றுவதும் தவறு, அது வளரும் எலும்பைக் கணக்கில் வைத்துச் செய்ததன்று.

என் பரிந்துரை ‘மெல்வளர் உணவு’. மெல்ல வளர்க்கும் உணவு. பெயரே மருந்துச்சீட்டுப் போல வேலை செய்யும்.

ஃபீனிக்ஸ், செல்லப்பிராணி உணவுக் கடைக்காரர் – செவ்வாய் மதியம்

டாக்டர் சொல்வது சரி, ஆனால் பையில் ‘ஜயன்ட்’ என்று அச்சிட்டிருக்கும். கையில் தாளோடு வருகிறவர் ‘மெல்வளர்’ என்பதைப் பையில் எங்கே தேடுவார்? தமிழ்ச் சொல்லிலும் ‘பெரிய’ என்பது இருந்தால்தான் சரியான பையை எடுப்பார்.

இன்னொன்று. ஞமலி என்று போட்டால் இங்கே ஒருவருக்கும் புரியாது ஐயா.

வெருலம் – செவ்வாய் மாலை

ஞமலியை விட்டுவிடுகிறேன். ஆனால் அது தூய சொல் என்பதற்காக நான் சொல்லவில்லை. திசைச்சொல்லுக்கு, அதாவது வட்டாரத்திலிருந்து வந்த சொல்லுக்கு, இலக்கண உரைகாரர்கள் காட்டும் எடுத்துக்காட்டே அதுதான்: பூழி நாட்டார் நாயை ஞமலி என்பர். ஒரு நாட்டுப் பேச்சு இலக்கணத்தில் இடம் பெற்றுவிட்டது. அந்த உரிமை டர்பனுக்கும் உண்டு. துண்டறிக்கையில் ‘மக்காச்சோளக் கூழ்’ என்று எழுதியிருக்கிறீர்கள், ‘மீலி பாப்’ என்றே எழுதுங்கள். 1860-இல் ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்து இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது நம் திசைச்சொல்.

டர்பன், மருத்துவர் – செவ்வாய் இரவு

பாப் என்றே இருக்கட்டும், ஏனென்றால் எச்சரிக்கை அதைப் பற்றியதுதான். பாப்பும் எலும்பில்லாத கோழி இறைச்சியும் மட்டும் தின்னும் குட்டிக்கு, கால்சியம் மிகுவதற்கு நேர்மாறாக, அது குறைவதால் நோய் வரும். இறைச்சியில் பாஸ்பரஸ் கால்சியத்தைப் போலப் பல மடங்கு. உடல் தன் எலும்பைக் கரைத்துக் கால்சியம் எடுக்கும், கால் சிறு தாவலில் முறியும். மிகுதியும் ஆகாது, குறைவும் ஆகாது.

அளவு இது: அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர் சங்கமான ஆஃப்கோவின் விதியில், முதிர்ந்தபின் 70 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 32 கிலோ அல்லது அதற்கு மேல் எட்டும் நாய்களின் வளர்ச்சிக்கு, நீர் நீக்கிய கணக்கில் கால்சியம் 1.2 முதல் 1.8 விழுக்காடு. பாஸ்பரஸ் 1.0 முதல் 1.6. கால்சியம் பாஸ்பரஸுக்குக் குறையாமல், அதன் இருமடங்கைத் தாண்டாமல் இருக்க வேண்டும். இந்த விதியில் ‘ஜயன்ட்’ என்று தனிப் பிரிவே இல்லை என்பதையும் கவனியுங்கள். 45 கிலோவுக்கு மேல் ஜயன்ட் என்பது பேச்சு வழக்கு. கோடு 32-இல் கிழிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே லார்ஜ், ஜயன்ட் இரண்டுக்கும் சேர்த்து ஒரே சொல் போதும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் – புதன் காலை

ஒரே சொல் என்றால் வழி திறக்கிறது. பெருமை + உடல் = பேருடல்; ஈறு போய், ஆதி நீண்டு, நன்னூல் விதிப்படி தடங்கலின்றி வரும். இனம் பற்றிய சண்டை இல்லை. ‘பேருடல் நாய்’. பாலூட்டி போல ‘பேருடலி’ என்றும் சுருக்கலாம்.

‘டிரை மேட்டர்’ வேளாண் நூல்களில் ஏற்கெனவே ‘உலர்பொருள்’. புதிதாகத் தேட வேண்டாம்.

ஃபீனிக்ஸ், கடைக்காரர் – புதன் மதியம்

‘உலர்பொருள்’ என்றதும் உலர் உணவு, அதாவது கிபிள் என்றுதான் ஆட்கள் எடுத்துக்கொள்வார்கள். சொல் சரி, பக்கத்தில் கணக்கைப் போடாமல் விடாதீர்கள். நம் நாட்டுப் பைகளில் கிலோவுக்கு இத்தனை கிராம் என்று இருக்கும். கால்சியம் 17 கிராம் என்றால் 1.7 விழுக்காடு, 1.8-க்குள் அடங்கிவிட்டது என்று தோன்றும். ஈரம் 100 கிராம் என்றால் உலர்பொருள் 900 கிராம்தான். 17-ஐ 900-ஆல் வகுத்தால் 1.89 விழுக்காடு, வரம்பு தாண்டிவிட்டது. 14 கிராம் உள்ள பை 1.56-இல் நிற்கும், அதை வாங்கலாம். கால்சியம் அளவே அச்சிடாத பை என்றால் தயாரிப்பாளரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பையில் வி எண் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். உரம், பண்ணைத் தீவனம் முதலியவற்றுக்கான நம் நாட்டின் 1947-இன் 36-ஆம் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்றதற்கு அது அடையாளம். மூட்டையைப் பிரித்துச் சில்லறையாக நிறுக்கும் உணவில் இது எதுவும் தெரியாது. அந்தச் சட்டம் நாய் உணவையும் பண்ணைத் தீவனத்தோடுதான் வைத்திருக்கிறது. அதனால் ‘உணவு’ அன்று, ‘தீவனம்’ என்பதே முறை.

சாட்ஸ்வொர்த் – புதன் மாலை

அண்ணா, ‘தீவனம்’ என்றால் மாட்டுத் தொட்டியும் கோழிப் பண்ணையும் கண்ணில் வரும். வீட்டுக்குள் படுக்கும் நாய்க்கு அதை எழுதினால் பலர் முகம் சுளிப்பார்கள். ‘உணவு’ என்றே விடுகிறேன்.

‘பாடி கண்டிஷன் ஸ்கோர்’ இன்னும் தொங்கலில்.

டர்பன், மருத்துவர் – புதன் இரவு

‘உடற்கட்டு’ வேண்டாம், பயில்வான் நினைவு வரும், அதைத்தான் தவிர்க்கச் சொல்கிறோம். ‘உடல்வாகு எண்’ எனலாம். 9-க்கு 4 அல்லது 5 இருக்க வேண்டும்: விலாவைத் தடவினால் எலும்பு உடனே விரலில் படும், மேலிருந்து பார்த்தால் இடை குறுகித் தெரியும். கொழுகொழு குட்டி பெரிய இனத்தில் அழகன்று.

அளவுக்கு ஓர் எடுத்துக்காட்டு போடுங்கள். நான்கு மாதம் கடந்த 20 கிலோக் குட்டிக்குத் தொடக்கக் கணக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,320 கிலோகலோரி. கிலோவுக்கு 3,700 கிலோகலோரி உள்ள உணவு என்றால் 360 கிராம், மூன்று வேளையாகப் பிரித்து. கோப்பையால் அள்ளாமல் தராசில் நிறுங்கள், கோப்பைக்குக் கோப்பை வேறுபடும். வாரம் ஒருமுறை குட்டியை நிறுத்து, விலா மறையத் தொடங்கினால் 10 விழுக்காடு குறையுங்கள். புது உணவுக்கு மாறும்போது 7 முதல் 10 நாள், கால் பங்கு கால் பங்காகக் கலந்து. ஒரே நாளில் மாற்றினால் வயிற்றுப்போக்கு, பழி நல்ல உணவின் மேல் விழும்.

சாட்ஸ்வொர்த் – வியாழன் இரவு

வந்த கருத்துகளை எண்ணிப் பார்த்தேன். ‘பேருடல் நாய்க்குட்டி உணவு’ என்பதற்கு ஐவர், குருளைக்கு இருவர், மெல்வளருக்கு மருத்துவர் ஒருவர். தாளில் போகப்போவது இது:

‘பேருடல் நாய்க்குட்டி உணவு (பையில்: ஜயன்ட் பிரீட் பப்பி அல்லது லார்ஜ் பிரீட் பப்பி): குட்டியை மெல்ல வளர்க்கும் உணவு. இதன் மேல் கால்சியமோ எலும்புத் தூளோ சேர்க்காதீர்கள்.’

‘மெல்ல வளர்க்கும்’ என்பதைத் தடித்த எழுத்தில் வைத்திருக்கிறேன் டாக்டர்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் – வியாழன் இரவு

அச்சுக்கு ஒப்புகிறேன். வகுப்பில் குருளை என்றே சொல்லிக்கொடுப்பேன். குருத்தெலும்பை விளக்க அதைவிட எளிய வாசல் எனக்குக் கிடைக்காது.

டர்பன், மருத்துவர் – வெள்ளி காலை

தடித்த எழுத்துக்கு நன்றி, தம்பி. என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். ‘பேர்’ என்று தொடங்கும் சொல்லைப் படித்தவர் கை கொஞ்சம் கூடுதலாகத்தான் அள்ளும். அடுத்த பதிப்புக்கு ‘மெல்வளர்’ என்பதையே மறுபடி கொண்டுவருவேன்.