முடிந்த வண்டிக் கடன் சிபிலில் இன்னும் ‘ஆக்டிவ்’, வாங்காத கடன் ஒன்றும் இருக்கிறது. எப்படித் திருத்துவது?

நொய்யல்கரை:
வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தேன். சிபில் ரிப்போர்ட்டைப் (என் கடன் வரலாற்று அறிக்கை) பார்த்துவிட்டு வங்கியில் ஃபைலை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். டூவீலர் கடனை முழுதாகக் கட்டி என்ஓசி (பாக்கி இல்லை என்ற சான்று) வாங்கியாகிவிட்டது. ஆனால் ரிப்போர்ட்டில் ‘ஆக்டிவ்’, ஓவர்டியூ (கெடு தாண்டிய பாக்கி) 590 ரூபாய். இன்னொன்று, நான் வாங்கவே இல்லாத பர்சனல் லோன் ‘ரிட்டன் ஆஃப்’ (வசூலாகாது என்று கணக்கில் தள்ளிய கடன்) என்று நிற்கிறது. எங்கிருந்து தொடங்குவது? 590-ஐக் கட்டிவிட்டால் முதலாவது தீர்ந்துவிடுமா?

கணக்கப்பிள்ளை:
எதற்கான தொகை என்று தெரியாமல் கட்டாதீர்கள். 500 ரூபாயோடு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் சரியாக 590. தவணைப் பாக்கி மாதிரித் தெரியவில்லை, ஏதோ கட்டணம். கடன் கொடுத்த நிறுவனத்திடம் கணக்கு ஸ்டேட்மெண்ட் கேளுங்கள். அந்தக் கட்டணம் எந்தத் தேதியில் ஏறியது, என்ஓசி தேதி என்ன என்று ஒப்பிடுங்கள். பாக்கி இல்லை என்று எழுதிக் கொடுத்த பிறகு ஏற்றியிருந்தால் அதை நீக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு. ஆர்சியில் ஹைப்பாதிகேஷன் (வண்டி கடனுக்கு ஈடாக இருக்கிறது என்ற பதிவு) நீக்க அவர்கள் கையெழுத்திட்ட ஃபார்ம் 35 இருந்தால் அதையும் இணையுங்கள்.

சிபில் தானாக ஓர் எழுத்தைக்கூட மாற்றாது. கடன் கொடுத்தவரிடம் கேட்டு, அவர் சொல்வதைத்தான் ஏற்றும். அதனால் சிபில் தளத்தில் டிஸ்ப்யூட் (பிழை இருக்கிறது என்ற புகார்) போடும் அன்றே, அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் ஆதாரங்களோடு மெயில் அனுப்புங்கள்.

பலர் கோட்டை விடும் இடம் ஒன்று. பாக்கித் தொகையை மட்டும் டிஸ்ப்யூட் செய்வார்கள். அது பூஜ்யமாகிவிடும், ஆனால் கீழே மாதவாரிக் கட்டத்தில் 030, 060 என்ற தாமத நாட்கள் அப்படியே நிற்கும். பாக்கி, ஓவர்டியூ, முடித்த தேதி, கணக்கு முடிந்த பிறகான மாதங்களின் தாமத நாட்கள் எல்லாவற்றையும் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள்.

சிபிலைப் போலவே ரிப்போர்ட் தரும் எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், க்ரிஃப் ஹைமார்க் ஆகியவற்றின் ரிப்போர்ட்டுகளையும் எடுத்துவிடுங்கள். நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமாகத் தர வேண்டும். கடன் கொடுத்தவர் நான்குக்கும் தகவல் அனுப்புகிறவர், ஆகவே நான்கிலும் திருத்தச் சொல்லி அந்த மெயிலிலேயே எழுதுங்கள்.

வைகைக்காரன்:
அந்தப் பர்சனல் லோனில் முதலில் ‘ஓனர்ஷிப்’ வரியைப் பாருங்கள். ‘கேரண்டர்’ என்றிருந்தால் அது பிழை இல்லை. சொந்தக்காரருக்கு என்றோ போட்ட ஜாமீன் கையெழுத்துதான். ‘இண்டிவிஜுவல்’ (உங்கள் பெயரில் தனியாக எடுத்த கடன்) என்றிருந்தால் இரண்டு சாத்தியம்.

ஒன்று, வேறொருவர் கணக்கு உங்களோடு கலந்திருக்கலாம். நம் ஊர்ப் பெயர்களில் இது சகஜம்: ஓரிடத்தில் இனிஷியல் முன்னால், இன்னோரிடத்தில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால். அதோடு பான் எண்ணில் ஓர் எழுத்து தப்பாக ஏறினால் போதும். அடையாள விவரப் பகுதியில் உங்களுக்குச் சம்பந்தமில்லாத முகவரியோ போன் எண்ணோ இருந்தால் இதுவாகத்தான் இருக்கும். டிஸ்ப்யூட்டில் ‘இந்தக் கணக்கு என்னுடையதல்ல’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டு, உங்கள் பானை வைத்து யாரோ கடன் எடுத்திருக்கலாம். கடன் திறந்த தேதிக்குச் சற்று முன்னால் என்கொயரி பகுதியில் (கடன் விண்ணப்பத்துக்காக உங்கள் ரிப்போர்ட்டை யார் பார்த்தார்கள் என்ற பட்டியல்) அதே நிறுவனத்தின் பெயர் இருந்தால் சந்தேகம் வலுக்கும். கேஒய்சி (அடையாள ஆவணங்கள்) நகல், ஒப்பந்தம், பணம் எந்த வங்கிக் கணக்குக்குப் போனது என்ற விவரம் மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுத்து (உதவி எண் 1930) அதன் நகலையும் அனுப்புங்கள்.

வசூல் ஆட்கள் “ஏதோ கொஞ்சம் கட்டி செட்டில் பண்ணிடுங்க” என்பார்கள். ஒரு ரூபாய்கூடக் கட்டக் கூடாது. கட்டினால் கடன் உங்களுடையது என்று ஒப்புக்கொண்டதாகவே வாதிடுவார்கள். ரிப்போர்ட்டிலும் ‘செட்டில்டு’ (முழுதாகக் கட்டாமல் பேசி முடித்தது) என்று ஏறும், அதுவும் கெட்ட பெயர்தான்.

நொய்யல்கரை:
மிக்க நன்றி. ஓனர்ஷிப் ‘இண்டிவிஜுவல்’, நான் குடியிருக்காத முகவரி ஒன்றும் இருக்கிறது. பதிலே வராவிட்டால்?

கணக்கப்பிள்ளை:
புகார் பதிவான நாளிலிருந்து 30 நாட்களுக்குள் தீர்க்க வேண்டும். அதில் கடன் கொடுத்தவருக்கு 21 நாள். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. 2024 ஏப்ரல் 26 முதல் இது ரிசர்வ் வங்கி விதி. 42-ஆம் நாள் தீர்ந்தால் 1,200 ரூபாய். 21 நாளில் பதில் அனுப்பாவிட்டால் கடன் கொடுத்தவர் தர வேண்டும். அவர் அனுப்பியும் 30 நாளுக்குள் ஏற்றாவிட்டால் சிபில் தர வேண்டும். ஸ்கோர் எப்படிக் கணக்கிட்டார்கள் என்ற சண்டைக்கு இது பொருந்தாது.

30 நாள் கடந்தாலோ, நிராகரித்த காரணம் ஏற்கும்படி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) ஆன்லைனில் போகலாம், கட்டணம் கிடையாது. உதவி எண் 14448. டிஸ்ப்யூட் எண், மெயில் அனுப்பிய தேதி, பழைய ரிப்போர்ட்டின் பிடிஎஃப் மூன்றும் பத்திரமாக இருக்கட்டும். திருத்தியபின் பழைய பதிவு தளத்தில் தெரியாது.

அதுவரை வேறு வங்கிகளில் விண்ணப்பிக்காதீர்கள், ஒவ்வொன்றும் ஒரு என்கொயரியாக ஏறும். என்ஓசி, டிஸ்ப்யூட் எண் இரண்டையும் இப்போதைய வங்கியில் எழுத்தில் கொடுத்து, ஃபைலை நிராகரிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.