மறு: ‘சீனியாரிட்டி மூவ்மென்ட்’ – ‘பணிமூப்பு உயர்வு’ வேண்டாமே

அண்ணே வணக்கம்,

விமானத்துறைச் சொற்பட்டியலில் ‘சீனியாரிட்டி மூவ்மென்ட்’ என்பதற்கு நீங்கள் போட்டிருக்கும் ‘பணிமூப்பு உயர்வு’ எனக்கு ஒட்டவில்லை. படிக்கிறவர் அதைப் பதவி உயர்வு என்றே எடுத்துக்கொள்வார். அமெரிக்க விமான நிறுவனங்களில் விமானிகளுக்குப் பொதுவாகச் சேர்ந்த தேதிப்படி ஒரு பட்டியல் இருக்கும், அதில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை எண். கேப்டன் இருக்கை, எந்த ரக விமானம், எந்த ஊரில் பணி, கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைக்குமா என்பது வரை அந்த எண்ணை வைத்துத்தான். மேலே ஒருவர் 65 வயதாகி ஓய்வு பெற்றால் அவருக்குக் கீழே உள்ள அத்தனை பேருக்கும் எண்ணில் ஒன்று குறையும். துணை விமானி துணை விமானியாகவே இருப்பார், ஆனால் கேட்ட லீவு கிடைக்கத் தொடங்கும். இதில் உயர்வு எங்கே இருக்கிறது?

நேற்று பெரியார் நிலையம் பக்கம் ஆட்டோ ஸ்டாண்டில் நின்றிருந்தேன். முதல் வண்டி சவாரி ஏற்றிக்கொண்டு போனதும் அடுத்தவர் எஞ்சினைப் போடாமலே இறங்கி ஹேண்டில்பாரைப் பிடித்து ஒரு வண்டி நீளம் தள்ளி நிறுத்தினார், பின்னால் இருந்தவர்களும் ஒவ்வொருவராக அப்படியே தள்ளினார்கள், ஒரு பெரியவர் கையில் இருந்த பேப்பரைக்கூட மடிக்கவில்லை. இதுதான் அந்தச் சொல்! வேறு ஸ்டாண்டுக்குப் போனால் கடைசியில்தான் நிற்க வேண்டும். விமானியும் நிறுவனம் மாறினால், இருபது வருட அனுபவம் இருந்தாலும், பட்டியலின் அடிதான்.

அதனால் ‘முன்னகர்வு’ என்று வைக்கலாம். ஓய்வால் வருவது ‘ஓய்வுவழி முன்னகர்வு’. எதிர்ப்பதமும் தேவை: 2007 டிசம்பரில் அமெரிக்காவில் விமானிகளின் ஓய்வு வயதை 60இலிருந்து 65 ஆக்கியபோது வயதால் கட்டாய ஓய்வு என்பதே ஐந்தாண்டுக்கு நின்றுபோனது, நடுவில் இருந்தவர்கள் கிட்டத்தட்ட அதே எண்ணில் உட்கார்ந்திருந்தார்கள். அதை ‘நகர்வுத் தேக்கம்’ எனலாம்.

---

தம்பி,

சரி, ‘உயர்வு’ போகட்டும். ‘பணிமூப்பு’ம் இங்கே உதவாது, ‘வயது மூப்பால் ஓய்வு’ என்று எழுதும் இடத்தில் இரண்டு மூப்பும் மோதும். ஆனால் வெறும் ‘முன்னகர்வு’ என்றால் போர்ச் செய்தியில் வரும் படையின் முன்னகர்வு நினைவுக்கு வருகிறது, அதனால் தலைச்சொல்லை ‘வரிசை முன்னகர்வு’ என்று ஏற்றுகிறேன். மற்ற இரண்டும் நீ சொன்னபடியே.

ஒன்று மிச்சம். கீழே புதிதாக ஆள் சேர்ந்தால் ஏற்கெனவே இருக்கும் விமானியின் எண் மாறாது, மொத்தப் பேரோடு ஒப்பிட்டால் அவர் நிற்கும் இடம் மட்டும் மேலாகும். அது முன்னகர்வு இல்லை. ‘விகித நிலை’ பொருந்துமா, பார்த்துச் சொல்.