ஜிம்மில் வெறும் நாலு பார்பெல் பயிற்சி போதுமா? மும்பைக்காரர்களின் அனுபவம்

செம்பூர்வாசி:
எங்கள் ஜிம்மில் ஸ்குவாட் ரேக் (பார்பெல் என்ற எடை மாட்டும் நீளக் கம்பியைத் தாங்கும் சட்டம்) ஒன்றே ஒன்று. சாயங்காலம் போனால் அதற்குள் நின்று யாராவது கையை மட்டும் மடக்கும் பைசெப்ஸ் கர்ல் போட்டுக்கொண்டிருப்பார்கள், அதனால் விடிந்ததும் போய்விடுவேன். பாரை முதுகில் வைத்துக் குந்தி எழும் ஸ்குவாட், படுத்தபடி நெஞ்சிலிருந்து தள்ளும் பெஞ்ச் பிரஸ், தரையிலிருந்து தூக்கும் டெட்லிஃப்ட், நின்றபடி தலைக்கு மேல் தள்ளும் ஓவர்ஹெட் பிரஸ். இவ்வளவுதான் என் பட்டியல். வாரம் மூன்று நாள். ஸ்குவாட் எல்லா நாளும் உண்டு, பெஞ்சும் ஓவர்ஹெட் பிரஸ்ஸும் மாறி மாறி வரும். விடாமல் அஞ்சு முறை (ரெப்) தூக்கினால் ஒரு செட், அப்படி மூணு செட். டெட்லிஃப்ட் மட்டும் ஒரே செட். ஸ்குவாட் முடித்த முதுகுக்கு அதுவே போதும்.

டிரெய்னருக்கு இது பிடிப்பதில்லை. வாராவாரம் எக்ஸர்சைஸை மாற்றினால்தான் உடம்பு முன்னேறும் என்பது அவர் கட்சி. இந்த வாரம் லெக் பிரஸ், அடுத்த வாரம் வேறொரு மெஷின் என்று போனால், போன மாதத்தைவிடப் பலம் கூடியிருக்கிறதா என்பதை எதை வைத்துச் சொல்வது? புதிதாக எதைச் செய்தாலும் மறுநாள் வலிக்கத்தான் செய்யும். அந்த வலியைப் பலம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பார்பெல்லில் இந்தக் குழப்பமே இல்லை. வெறும் பார் 20 கிலோ, பக்கத்துக்கு 1.25 கிலோ பிளேட் மாட்டினால் 22.5. நோட்டில் எழுதிவைத்தால் ஏறியதும் நின்றதும் தெரிந்துவிடும்.

முதலில் எடை ஏறாமல் முரண்டு பிடித்தது ஓவர்ஹெட் பிரஸ்தான். காரணம் எளிது. 100 கிலோ ஸ்குவாட்டில் 2.5 கிலோ கூட்டினால் அது இரண்டரை சதவீதம். 30 கிலோ பிரஸ்ஸில் அதே 2.5 என்பது எட்டு சதவீதத்துக்கும் மேல். தோள் எப்படித் தாங்கும்? அரை கிலோ பிளேட் கிடைத்தால் நன்றாக இருக்கும்.

தாராவி தம்பி:
அண்ணா, உங்களுக்கு நிற்கவாவது இடம் இருக்கிறது. எங்கள் ஜிம் மாடியில், கூரை தாழ்வு. நின்று பிரஸ் போட்டால் பிளேட் ஃபேனில் இடிக்கும், அதனால் உட்கார்ந்துதான் போடுகிறேன்.

பெரிய தலைவலி டெட்லிஃப்ட். முழு அளவு பிளேட்டின் விட்டம் 45 சென்டிமீட்டர், அதனால் பார் தரையிலிருந்து இருபத்திரண்டரை சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். எங்களிடம் இருப்பதெல்லாம் 10 கிலோ சின்ன பிளேட். பார் கணுக்கால் பக்கம் போய்விடும், அவ்வளவு கீழே குனிந்தால் இடுப்பு வளைந்துவிடுகிறது. இரண்டு பக்கமும் ரப்பர் மேட்டை அடுக்கி, அதன்மேல் பிளேட்டை வைத்துத் தூக்குகிறேன். சத்தமும் குறைகிறது. இல்லாவிட்டால் கீழ்வீட்டு ஆச்சி மேலே வந்துவிடுவார்!

மழைக்காலம் வேறு. கை ஈரத்தில் பார் நழுவும், சாக் பவுடர் போட்டால் தரை அழுக்காகிறது என்று ஓனர் தடை போட்டிருக்கிறார். எடை கூடிய செட்டுக்கு மட்டும் ஒரு உள்ளங்கை உள்பக்கம், மற்றது வெளிப்பக்கம் பார்க்கப் பிடித்துச் சமாளிக்கிறேன்.

மாட்டுங்கா அக்கா:
பெண்களுக்கு வேறு மாதிரி தொல்லை. சேர்ந்த அன்றே கையில் இரண்டு கிலோ டம்பெல்லைக் கொடுத்துவிட்டார்கள். பார் கேட்டால், ஸ்குவாட் போட்டால் முட்டி போய்விடும் என்று பயமுறுத்தல். மாமியாரும் அதையேதான் சொன்னார், ஆனால் அவர் இன்றைக்கும் தரையில் உட்கார்ந்து எழுந்துதான் காய் நறுக்குகிறார்.

கர்ணம் மல்லேஸ்வரி 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 69 கிலோ பிரிவில் ஸ்னாட்ச் (ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவது) 110, கிளீன் அண்ட் ஜெர்க் (தோளுக்குத் தூக்கி, பிறகு மேலே ஏற்றுவது) 130 என்று மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினார். அவர் தூக்கியதும் பார்பெல்தானே. பெண்கள் போட்டியில் பார் 15 கிலோ, எங்கள் ஜிம்மில் அது இல்லை. பிரஸ்ஸுக்கு 20 கிலோ முதலில் அசையவே இல்லை. எடை பொருத்தியே வரும் 10 கிலோ கம்பியில் ஆரம்பித்து, அப்புறம்தான் பெரிய பாருக்கு வந்தேன்.

முலுண்ட் பெரியவர்:
நான் கொஞ்சம் எதிர்க்கட்சி. அறுபது தாண்டிவிட்டது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். மூச்சை இறுக்கிப் பிடித்துத் தூக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தோள் இறுகிப்போனதால் முதுகில் பாரைப் பிடிக்கவும் முடியாது. டம்பெல்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குந்தி எழுகிறேன். இதிலும் எடையை ஏற்றிக்கொண்டே போகலாம், நோட்டிலும் எழுதலாம். குந்துவது, குனிந்து தூக்குவது, தள்ளுவது, இழுப்பது, இந்த நாலும் இருந்தால் சரி. கம்பிதான் வேண்டும் என்று அடம் எதற்கு? செம்பூர்க்காரரே, உங்கள் பட்டியலில் இழுப்பதே காணோமே!

ஒரு பழைய செய்தி. நீங்கள் நின்று போடும் பிரஸ் 1972 வரை ஒலிம்பிக் போட்டியிலேயே இருந்தது. பின்னால் வளைந்து வளைந்து தூக்க ஆரம்பித்தார்கள், நடுவரால் தீர்ப்பு சொல்ல முடியவில்லை, எடுத்துவிட்டார்கள். ஆகவே நேராக நின்று போடுங்கள்.

செம்பூர்வாசி:
சார், கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுக்கும் சின்-அப் உண்டு, அதனால் பார்பெல் கணக்கில் சேர்க்கவில்லை. பிரஷர் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுச் செய்வதுதான் சரி, அதில் எனக்கு வாதமே இல்லை.

தாராவி தம்பி:
அண்ணா, அரை கிலோ பிளேட்டுக்கு ஆர்டர் போட வேண்டாம். நாக்தேவி தெரு இரும்புக் கடைகளில் கனமான இரும்பு வாஷர் (நடுவில் ஓட்டை உள்ள வட்டத் தகடு) கேளுங்கள். பார் முனை 50 மில்லிமீட்டர், ஓட்டை அதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கணும். கடையிலேயே தராசில் போட்டு ஜோடி ஜோடியாக எடுங்கள், ஒவ்வொன்றும் ஒரு எடை இருக்கும்.